எஃகு, எண்ணெய், கோதுமை: நூலகர் படிப்புக்குப் பணம் வந்த வழிகள்

அமெரிக்காவில் பொது நூலகத்திலோ பல்கலைக்கழக நூலகத்திலோ நூலகராக அமர முதுகலைப் பட்டம் வேண்டும். அதுவும் அமெரிக்க நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் வாங்கிய பட்டமாக இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் எழுதப்பட்ட விதி. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இதுபோல மேற்படிப்பு தேவைதான். ஆனால் அவர்கள் படிப்புக்காகப் பட்ட கடனைத் தொழில் வருமானத்திலேயே அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை உண்டு. நூலகர் சம்பளம் அந்த நம்பிக்கையைத் தருவதில்லை. மேற்படிப்பைக் கட்டாயமாக்கிய தொழில், அதற்கு ஈடான ஊதியத்தை ஒருபோதும் தந்ததில்லை. அந்த இடைவெளியை யாராவது ஒருவர் நிரப்ப வேண்டியிருந்தது. நூற்று நாற்பது ஆண்டுகளில் எஃகு முதலாளி, எண்ணெய் முதலாளி, அரசு, தொழில்முறைச் சங்கங்கள் என ஆள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கொடுத்தவர் மாறும்போதெல்லாம் படிக்க வந்தவர்களும் மாறினார்கள்.

தொடக்கத்தில் படிப்பே கிடையாது. எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகுவதுதான் வழக்கம். பெரிய நகர நூலகங்கள் பயிற்சி வகுப்பு நடத்தத் தொடங்கியபோதும் அந்த வழக்கத்தின் சாயல் போகவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பொது நூலகம் 1891-இல் தொடங்கிய வகுப்பு இவற்றில் முந்தியவற்றுள் ஒன்று. இத்தகைய வகுப்புகளில் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மாதக்கணக்கில் சம்பளமின்றி உழைத்தார்கள். அந்த உழைப்புத்தான் கட்டணம். வீட்டில் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் வழி உள்ளவர்கள் மட்டுமே இப்படிக் கற்க முடிந்தது. நூலகர் என்றால் நடுத்தரக் குடும்பத்துப் பெண் என்ற படிமம் உருவானதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்குண்டு.

முறையான பள்ளியைத் தொடங்கியவர் மெல்வில் டூயி. தசம வகைப்பாட்டை உருவாக்கிய அவர் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் நூலகராக இருந்தபோது, 1887 ஜனவரி 5 அன்று நூலகப் பொருளியல் பள்ளி என்ற பெயரில் அதைத் திறந்தார். முதல் வகுப்பில் 20 பேர். அவர்களில் 17 பேர் பெண்கள். கொலம்பியாவின் அறங்காவலர்களுக்குப் பெண்கள் வகுப்பில் உட்காருவது பிடிக்கவில்லை. கல்லூரி வகுப்பறை மறுக்கப்பட்டதால் ஒரு சாமான் அறையைச் சுத்தம் செய்து டூயி பாடம் நடத்தினார். இரண்டாண்டில் பூசல் முற்றி, அவர் மாநில நூலகராக ஆல்பனி நகருக்குப் போனபோது பள்ளியும் கூடவே போனது. கல்லூரிக்கே வேண்டாத பள்ளியில் உதவித்தொகை பற்றிய பேச்சு எழ இடமில்லை.

அடுத்து வந்த பள்ளிகளின் முகவரியைப் பார்த்தாலே பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். 1890-இல் புரூக்ளினில் பிராட் கல்விக்கூடம், 1892-இல் ஃபிலடெல்ஃபியாவில் டிரெக்ஸல் கல்விக்கூடம், 1893-இல் சிகாகோவில் ஆர்மர் கல்விக்கூடம். பிராட் எண்ணெய் வணிகர், டிரெக்ஸல் வங்கியாளர், ஆர்மர் இறைச்சி வணிகர். மூன்றும் பல்கலைக்கழகங்கள் அல்ல, தொழிற்கல்வி நிறுவனங்கள். தையல், சமையல், இயந்திர வரைவு ஆகியவற்றோடு நூலகப் பணியும் கற்றுத்தரத்தக்க கைத்தொழிலாக அங்கே எண்ணப்பட்டது. அந்த நிறுவனர்களின் அறக்கொடையால்தான் மாணவர் கட்டணம் தாங்கக்கூடிய அளவில் இருந்தது. ஆர்மர் கல்விக்கூடத்தின் பள்ளியை நடத்திய கேதரின் ஷார்ப், 1897-இல் அதை அப்படியே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்த்தார். நூலகர் படிப்பு அரசுப் பல்கலைக்கழகத்தின் குடைக்குள் வந்த முக்கியமான திருப்பம் அது.

இந்த வரலாற்றில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய நிழல் ஆண்ட்ரூ கார்னகியுடையது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த நெசவாளியின் மகன். எஃகில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அமெரிக்காவில் மட்டும் அவர் பணத்தில் 1,600-க்கும் மேற்பட்ட பொது நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவர் வைத்த நிபந்தனை எளியது. ஊரார் நிலம் கொடுக்க வேண்டும்; கொடைத்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க உறுதி தர வேண்டும். கட்டடம் அவருடையது, புத்தகமும் ஆளும் ஊர்ப்பொறுப்பு. சிறு ஊர்கள் கட்டடத்துக்கு ஆசைப்பட்டு உறுதி கொடுத்துவிட்டு, பிறகு கிடைத்தவரைப் பிடித்து மேசையில் உட்கார வைத்தன. கோயிலைக் கட்டிவிட்டு அர்ச்சகரைத் தேடிய கதைதான்.

கார்னகிக்கு இது முற்றிலும் தெரியாமல் இல்லை. 1903-இல் கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்துக்கு நூலகப் பள்ளி தொடங்க 1,00,000 டாலர் கொடுத்தார்; அடுத்த ஆண்டு பள்ளி திறந்தது. பிட்ஸ்பர்கில் குழந்தைகள் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி, 1905-இல் அட்லாண்டாவில் தென் மாநிலங்களுக்கான பள்ளி, 1911-இல் நியூயார்க் பொது நூலகத்தின் பள்ளி ஆகியவற்றுக்கும் அவருடைய பணம் போனது. ஆயினும் கட்டடங்களுக்குச் செலவான தொகையோடு ஒப்பிட்டால் இவை சில்லறை.

1911-இல் கார்னகி அறநிறுவனம் அமைந்த பின் கணக்குப் பார்க்கும் மனிதர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். கொடையின் பலனை ஆராய்ந்து சொல்லும்படி பொருளியலாளர் ஆல்வின் ஜான்சன் அனுப்பப்பட்டார். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அவர் தந்த அறிக்கை அறங்காவலர்களுக்கு இனிக்கவில்லை: கட்டடங்கள் இருக்கின்றன, நடத்தத் தெரிந்தவர்கள் இல்லை. 1917-இல் புதிய கட்டடங்களுக்கான கொடை நிறுத்தப்பட்டது. போரும் ஒரு காரணம்.

பயிற்சி பற்றித் தனியே ஆராயும் பொறுப்பு சார்லஸ் வில்லியம்சனிடம் வந்தது. நியூயார்க் பொது நூலகத்தில் பொருளியல் பிரிவை நடத்தியவர்; பொருளியலில் முனைவர். இருந்த 15 நூலகப் பள்ளிகளையும் ஆராய்ந்து அவர் எழுதிய அறிக்கை 1923-இல் அச்சாயிற்று. தொழிலுக்குள் அது கிளப்பிய சலசலப்பு பல ஆண்டுகள் அடங்கவில்லை. நூலகத்தில் எழுத்தர் வேலை வேறு, நூலகர் வேலை வேறு. இரண்டையும் ஒரே பள்ளியில் கலந்து சொல்லித்தருவது தவறு. நூலகராக வருபவர் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். பள்ளிகள் பொது நூலகங்களின் கொல்லைப்புறத்தில் அல்ல, பல்கலைக்கழகத்துக்குள் இருக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. சம்பளம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது நல்ல பட்டதாரிகள் ஏன் வருவார்கள் என்ற கேள்வியும் அதில் இருந்தது. முதல் பகுதி நிறைவேறியது. சம்பளக் கேள்வி அப்படியே நின்றுவிட்டது. நூலகர் படிப்பு மேற்படிப்பாக மாறியது இந்த அறிக்கையால் என்றால், அந்த மேற்படிப்பு நிதியுதவி இல்லாமல் எட்டாததாக ஆனதும் இதனால்தான்.

அறநிறுவனம் 1926-இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஏறத்தாழ 50 லட்சம் டாலர் மதிப்பிலான அந்தத் திட்டத்தில் பள்ளிகளுக்கு மானியம், நூலகச் சங்கத்துக்கு மூலதனம், படிப்பவர்களுக்கு ஃபெல்லோஷிப் எல்லாம் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 10 லட்சம் டாலர். அந்தப் பணத்தில் 1928-இல் வகுப்புகளைத் தொடங்கிய பட்டமேற்படிப்பு நூலகப் பள்ளிதான் நூலக அறிவியலில் முனைவர் பட்டம் வழங்கிய முதல் பள்ளி. அதே 1926-இல் ஆல்பனியிலிருந்து டூயியின் பள்ளி, நியூயார்க் பொது நூலகப் பள்ளியோடு சேர்ந்து கொலம்பியாவுக்குத் திரும்பியது. அதன் தலைவராக அமர்ந்தவர் வில்லியம்சன். முன்பு சாமான் அறையில் இருந்த பள்ளி இப்போது அறிக்கை எழுதியவரின் கையில் பல்கலைக்கழகத் துறையாயிற்று.

1929 முதல் தனிநபர்களுக்கு வழங்கப்பட்ட கார்னகி ஃபெல்லோஷிப்பின் நோக்கம் கவனிக்கத்தக்கது. முதன்முதலாகப் படிக்க வரும் ஏழைப் பட்டதாரிக்கு அல்ல, ஏற்கெனவே பணியில் இருந்து மேலும் ஆய்வு செய்ய விரும்பிய நூலகருக்கே அது உரியது. நூலகத் துறைக்குத் தலைவர்களும் ஆசிரியர்களும் வேண்டும் என்பது கொடையாளரின் எண்ணம். பின்னாளில் பெரிய பல்கலைக்கழக நூலகங்களை நடத்திய ஒரு தலைமுறை இப்படி உருவானது. முதல் பட்டத்துக்குப் பணமில்லாதவர் மட்டும் பழைய நிலையிலேயே இருந்தார்.

நிறத்தடை இருந்த காலத்தில் இந்தப் பணம் எப்படிப் பிரிந்தது என்பது தனிக் கதை. ஆல்பனி பள்ளியில் எட்வர்ட் கிறிஸ்டஃபர் வில்லியம்ஸ் இரண்டாண்டுப் படிப்பை ஓராண்டில் முடித்து, பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நூலகர் என்ற பெயரைப் பெற்றார். 1923-இல் பிட்ஸ்பர்க் பள்ளியில் தேறிய வர்ஜீனியா பிராக்டர் பவல் ஃபிளாரன்ஸ் கறுப்பினப் பெண்களில் முதல்வர். இவர்கள் விதிவிலக்குகள். கறுப்பின மாணவர்களைச் சேர்க்கும் பள்ளி தெற்கே ஒன்றுகூட இல்லை. 1925-இல் கார்னகி பணத்தில் வர்ஜீனியாவின் ஹாம்ப்டன் கல்விக்கூடத்தில் அவர்களுக்கென ஒரு நூலகப் பள்ளி தொடங்கப்பட்டது. தென் மாநிலக் கறுப்பினக் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் நூலகர்களை அது தந்தது. கொடையை நம்பியிருந்ததால் கொடை நின்றதும், 1939-இல், அதுவும் நின்றது. இரண்டாண்டு இடைவெளிக்குப் பின் 1941-இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் புதிய பள்ளி திறந்தது. அதன் முதல் தலைவர் எலைசா அட்கின்ஸ் கிளீசன், ஓராண்டுக்கு முன்தான் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கியவர். நூலக அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். கார்னகியின் 10 லட்சம் டாலரால் பிறந்த பள்ளியில் படித்தவர், தெற்கின் பிரிவினைக்குள் நின்று இன்னொரு பள்ளியைக் கட்டினார்.

1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட போர்வீரர் மறுவாழ்வுச் சட்டம், நூலகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல. போரிலிருந்து திரும்பியவருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், தனியாளாக இருந்தால் மாதம் 50 டாலரும், குடும்பம் இருந்தால் 75 டாலரும் படியாகக் கொடுத்தது. எந்தப் படிப்பு என்று அது கேட்கவில்லை. நூலகப் பள்ளிகளுக்குள் ஆண்கள் கணிசமாக வந்தது இந்தச் சட்டத்துக்குப் பின்தான். பெண்களால் நடத்தப்பட்ட தொழிலில் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இயக்குநர் நாற்காலிகளில் ஆண்கள் அமர்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. அரசுச் செலவில் படிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் போர்முனைக்குப் போன ஆண்களுக்குக் கிடைத்ததையும் அவற்றோடு சேர்க்கத்தான் வேண்டும்.

பட்டத்தின் பெயர் மாறியதும் இக்காலத்தில்தான். அதுவரை நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்கு மேல் ஓராண்டு படித்தவருக்கு மறுபடியும் ஓர் இளநிலைப் பட்டமே தரப்பட்டது. ஐந்தாண்டு படித்துவிட்டு இரண்டு இளநிலைப் பட்டங்களோடு வீடு திரும்புவதில் மாணவர்களுக்குக் குறை இருந்தது நியாயமே. 1940-களின் முடிவில் பள்ளிகள் ஒவ்வொன்றாக அதை முதுகலையாக மாற்றின. 1951-இல் சங்கத்தின் அங்கீகார விதிகள் அந்த மாற்றத்தை நிலைநிறுத்தின.

இந்தப் பண ஓட்டத்தின் கிளைகள் இந்தியாவரை வந்தன. டூயி வழிவந்த இரண்டு அமெரிக்கர்கள் இங்கே முதல் வகுப்புகளை நடத்தினார்கள். மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் அழைத்துவந்த வில்லியம் ஆலன்சன் போர்டன் 1911-இல் பரோடாவிலும், ஆசா டான் டிக்கின்சன் 1915-இல் லாகூரிலும் பாடம் சொன்னார்கள். முன்னதற்கு மகாராஜாவின் கருவூலம், பின்னதற்குப் பஞ்சாப் பல்கலைக்கழகம். சென்னையின் கதை சற்று வேறு. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். இங்கிலாந்து சென்று தொழில் கற்றுவர வேண்டும் என்பது பதவியோடு சேர்ந்த நிபந்தனை. அவர் போய்ச் சேர்ந்த லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளி 1919-இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிவைத்த மானியம் பிரிட்டனில் இயங்கிய கார்னகி அறக்கட்டளையுடையது. பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் லாபத்தில் ஒரு துளி இப்படிச் சுற்றிவளைத்துச் சேப்பாக்கத்துக்கும் வந்தது.

ரங்கநாதன் 1925-இல் திரும்பினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானது. 1929-இல் சங்கம் கோடைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. 1931-இல் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. கோடை விடுமுறையில் வகுப்பு வைத்ததே ஒருவகையில் நிதியுதவிதான். வேலையை விடாமல், விடுப்பில் வந்து படிக்க அது வழிசெய்தது. 1950-களில், ஓய்வு பெற்ற பிறகு, ரங்கநாதன் தம் சேமிப்பிலிருந்து 1,00,000 ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரோடு சேர்த்து நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். சம்பளக்காரர் ஒருவர் கொடையாளரானது இந்த வரலாற்றில் அரிது. பெங்களூரில் 1962-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கியவரும் அவரே.

இந்திய நூலகர்கள் அமெரிக்கா சென்று படித்ததற்கு வழிவகுத்த நிதிகளில் ஒன்று விசித்திரமானது. 1951-இல் இந்தியா பஞ்சத்தின் விளிம்பில் நின்றபோது அமெரிக்கக் காங்கிரஸ் 19 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதைக் கொண்டு 20 லட்சம் டன் கோதுமை வாங்கலாம் என்பது கணக்கு. தானமா கடனா என்று மாதக்கணக்கில் விவாதித்து, வட்டியோடு கூடிய கடன் என முடிவாயிற்று. அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு: முதல் சில ஆண்டுகளில் இந்தியா செலுத்தும் வட்டியில் 50 லட்சம் டாலர் வரை அமெரிக்கக் கருவூலத்துக்குப் போகாமல், இரு நாட்டு மாணவர், ஆசிரியர் பரிமாற்றத்துக்கும் புத்தகங்களுக்கும் ஆய்வுக்கூடக் கருவிகளுக்கும் செலவாக வேண்டும். அந்த நிதியில் இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அமெரிக்கப் புத்தகங்கள் வந்தன. நூலகர்கள் சிலர் அமெரிக்கப் பள்ளிகளையும் நூலகங்களையும் நேரில் கண்டு கற்கச் சென்றார்கள். ரேஷன் கடையில் நின்று வாங்கிய கோதுமைக்கு இந்தியா கட்டிய வட்டியே அவர்களுடைய கப்பல் செலவு.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் பறந்தபின் வாஷிங்டனுக்குக் கல்வியில் புதிய அக்கறை பிறந்தது. அடுத்த ஆண்டு வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் முதலில் அறிவியலுக்கும் மொழிகளுக்கும் உரியதாக இருந்தது. 1964-இல் அதைத் திருத்தியபோது பள்ளி நூலகர்களுக்கான பயிற்சி முகாம்களும் சேர்ந்தன. பெரிய வரவு அதற்கடுத்த ஆண்டு. 1965 நவம்பர் 8 அன்று, டெக்சாசில் தாம் படித்த கல்லூரியில் வைத்து அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட உயர்கல்விச் சட்டத்தின் இரண்டாம் தலைப்பு நூலகங்களுக்கே உரியது. அதன் ‘பி’ பகுதி நூலகர் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் பணம் ஒதுக்கியது. நூலகர் படிப்புக்கென்றே நடுவண் அரசு ஃபெல்லோஷிப் தருவது அதுவே முதல் முறை.

பணம் போன வழி இதுதான். மாணவர் அரசிடம் விண்ணப்பிப்பதில்லை, பள்ளி விண்ணப்பிக்கும். இத்தனை பேருக்கு என்று இடங்கள் ஒதுக்கப்பட்டதும் பள்ளி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். மாணவருக்கு வாழ்க்கைப்படி, பள்ளிக்குத் தனியே ஒரு தொகை. முதுகலை, அதற்கு மேற்பட்ட சான்றிதழ், முனைவர் பட்டம் என மூன்று நிலைகளிலும் உதவி கிடைத்தது. புதிய நூலகப் பள்ளிகள் முளைத்ததும், இருந்த பள்ளிகள் முனைவர் படிப்பைத் தொடங்கியதும் இந்தப் பத்தாண்டில்தான். கார்னகி தலைவர்களைத் தேடியதுபோல அரசு எண்ணிக்கையைத் தேடியது. எங்கு பார்த்தாலும் புதிய பள்ளிகளும் கல்லூரிகளும் திறந்துகொண்டிருந்தன. நூலகர் பற்றாக்குறை என்ற சொல் தொழில் இதழ்களில் தினசரிப் பேச்சாக இருந்தது.

1970-களில் காற்று திசைமாறியது. பற்றாக்குறை தீர்ந்துவிட்டது என்று நிக்சன் நிர்வாகம் கருதி ஒதுக்கீட்டைப் பூஜ்யமாக்க முயன்றது. காங்கிரஸ் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொடுத்தது. பின்னர் ரேகன் காலத்திலும் இதே நாடகம் ஆண்டுதோறும் நடந்தது. சுருங்கிய பணம் ஒரு புதிய குறிக்கோளைப் பெற்றது: இதுவரை தொழிலுக்குள் வராத சமூகங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவது. அரிசோனா பல்கலைக்கழகத்தில் அர்னுல்ஃபோ டிரெஹோ நடத்திய ஸ்பானிய மொழியினருக்கான பட்டமேற்படிப்பு நூலகத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டிரெஹோ 1971-இல் ரெஃபோர்மா என்ற நூலகர் அமைப்பை நிறுவியவர். 1970-களின் பிற்பாதியில் நடுவண் நிதியில் நடந்த அந்தத் திட்டம், இரு மொழி பேசும் நூலகர்களைத் தென்மேற்கு மாநிலங்களுக்குத் தந்தது. நிதி நின்றதும் திட்டமும் நின்றது. ஹாம்ப்டனின் கதை மறுபடியும்.

பணம் வற்றியபோது பள்ளிகளும் வற்றின. கார்னகியின் 1,00,000 டாலரில் பிறந்த கிளீவ்லாந்து பள்ளி 1986-இல் மூடப்பட்டது. அட்லாண்டாவில் 1905-இல் தொடங்கி எமரி பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த பள்ளி 1988-இல். சிகாகோ பள்ளியும் 1980-களின் முடிவோடு முடிந்தது. டூயியின் கொலம்பியா பள்ளி 1992-இல் போனது. கிளீசன் தொடங்கிய அட்லாண்டா பல்கலைக்கழகப் பள்ளி 2005 வரை தாக்குப்பிடித்தது. சிறிய துறை, ஆராய்ச்சி மானியம் கொண்டுவராத துறை, பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்டால் பெரிதாகக் கிடைக்காத துறை: பல்கலைக்கழக நிர்வாகிகள் மூடுவதற்குத் தேர்ந்தெடுக்க இவ்வளவு போதும். மாணவர் பக்கம் இதன் பொருள், உள்ளூர்க் கட்டணத்தில் படிக்கும் வாய்ப்புப் பல மாநிலங்களில் போனது. வெளிமாநிலக் கட்டணம் சில இடங்களில் இருமடங்குக்கும் மேல்.

அரசும் பெருங்கொடையாளர்களும் விட்ட இடத்தில் சங்கங்கள் நின்றன. இவற்றின் உதவித்தொகைகள் சிறியவை, பல, ஒவ்வொன்றும் ஒரு பெயரைத் தாங்கியவை. அமெரிக்க நூலகச் சங்கத்தில் டேவிட் கிளிஃப்ட், மேரி கேவர் போன்ற முன்னாள் பொறுப்பாளர்களின் நினைவில் சில. குழந்தைகள் நூலகர்களுக்கு ஃபிரெடரிக் மெல்ச்சர் பெயரில் ஒன்று. ஏற்கெனவே நூலகத்தில் உதவியாளராக வேலை செய்பவர் படிக்க விரும்பினால் டாம், ராபர்ட்டா டிரூஸ் பெயரில் ஒன்று. வகுப்பறைக்குப் புதிதாக வருபவரைவிட மேசைக்குப் பின்னால் பத்தாண்டு நின்றவருக்குப் பட்டம் அதிகம் தேவை என்பதை உணர்ந்து ஏற்படுத்தியது என்பதால் இது தனித்துக் குறிப்பிடத்தக்கது. மருத்துவ நூலகர்களுக்கும் சட்ட நூலகர்களுக்கும் அவரவர் சங்கங்கள். பெரும்பாலானவை சில ஆயிரம் டாலரைத் தாண்டுவதில்லை. ஒரு பருவக் கட்டணத்துக்குக்கூடப் பல இடங்களில் காணாது. விண்ணப்பத்துக்கு ஆகும் உழைப்போ பெரிது: மதிப்பெண் சான்று, பரிந்துரைக் கடிதங்கள், ஏன் நூலகராக விரும்புகிறேன் என்ற கட்டுரை.

இவற்றில் பரப்பில் பெரியது ஸ்பெக்ட்ரம் உதவித்தொகை. சங்கத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த எலிசபெத் மார்ட்டினெஸ் முன்னெடுத்து 1997-இல் உருவானது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், ஆசியர், பசிபிக் தீவினர், அமெரிக்கப் பழங்குடியினர் ஆகியோருக்கு ஆண்டுக்கு ஐம்பது பேர் வரை, ஆளுக்கு 5,000 டாலர் என்ற கணக்கில் தொடங்கியது. சங்கம் இதற்குத் தன் மூலதனத்திலிருந்து எடுக்கலாமா என்று உறுப்பினரிடையே கடும் வாக்குவாதம் நடந்தது. 5,000 டாலர் படிப்புச் செலவை அடைக்கவில்லை. ஆனால் சேர்ந்தாற்போல் வந்த ஐம்பது பேர் ஒருவரையொருவர் அறிந்தார்கள், வழிகாட்டிகள் கிடைத்தார்கள். பணத்தைவிட இது உதவியதாகப் பெற்றவர்கள் பலர் சொல்வதுண்டு.

1996-இல் உயர்கல்விச் சட்டத்தின் பழைய ஏற்பாடு கலைந்து, அருங்காட்சியகம், நூலகப் பணிகளுக்கான நடுவண் நிறுவனம் அமைந்தது. 2002 ஜனவரியில் அதிபரின் மனைவி லாரா புஷ், புதிய நூலகர்களைச் சேர்க்க 1 கோடி டாலர் ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தார். அவரே டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1973-இல் நூலக அறிவியலில் முதுகலை முடித்து, ஹூஸ்டன் பொது நூலகத்திலும் ஆஸ்டினில் ஒரு பள்ளியிலும் நூலகராக இருந்தவர். போருக்குப் பின்னும் அறுபதுகளிலும் அரசுப் பணத்தில் படித்த தலைமுறை மொத்தமாக ஓய்வு பெறப்போகிறது என்பதே அறிவிப்புக்குக் காரணம். பின்னர் அவர் பெயரையே தாங்கிய இந்தத் திட்டமும் பழைய வழியில்தான் நடந்தது: பணம் பல்கலைக்கழகத்துக்கும் நூலகத்துக்கும் போகும், அங்கிருந்து மாணவருக்கு. டிரெஹோவின் திட்டம் நின்ற அதே அரிசோனா பல்கலைக்கழகத்தில், லத்தீன் அமெரிக்க வழியினருக்கும் பழங்குடியினருக்குமான ‘அறிவு நதி’ என்ற திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நடுவண் நிறுவனத்தின் நிதியில் எழுந்தது.

உதவித்தொகை கிடைக்காதவருக்குக் கடன். 2007-இல் வந்த பொதுப்பணிக் கடன் தள்ளுபடித் திட்டம், அரசு நிறுவனத்திலோ லாபநோக்கற்ற நிறுவனத்திலோ பணியாற்றியபடி 120 மாதத் தவணை கட்டியவரின் நடுவண் கல்விக்கடன் மிச்சத்தைத் தள்ளுபடி செய்கிறது. பொதுப்பணி எவை என்ற பட்டியலில் நூலகப் பணியும் உண்டு. பத்தாண்டு கழித்து முதல் விண்ணப்பங்கள் போனபோது, கடனின் வகை சரியில்லை, தவணைத் திட்டம் சரியில்லை என்று ஏறத்தாழ எல்லாமே திரும்பிவந்தன. பிற்பாடு விதிகள் தளர்ந்தன. இது படிக்கும்போது கிடைக்கும் உதவி அல்ல, படித்து முடித்துப் பத்தாண்டு குறைந்த சம்பளத்தில் உழைத்தபின் கிடைப்பது. கொடையின் நிபந்தனைகளிலேயே மிக நீண்டது இதுதான்.

உண்மையில் முழுச் செலவையும் தாங்கும் உதவி, பெரிய பல்கலைக்கழகங்களில் கிடைக்கும் உதவியாளர் பணியே. இல்லினாய் போன்ற இடங்களில் மாணவர் பல்கலைக்கழக நூலகத்தில் வாரத்தில் குறிப்பிட்ட மணிநேரம் குறிப்புதவி மேசையிலோ அட்டவணைப் பிரிவிலோ வேலை செய்வார். கட்டணம் தள்ளுபடி, மாதப் படி உண்டு. இடங்கள் குறைவு என்பதால் போட்டி கடுமை. மற்றபடி பொது நூலகங்கள் தம் ஊழியரின் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித்தருகின்றன. சில மாநில நூலகங்கள் நடுவண் நிதியைக் கொண்டு அதையே செய்கின்றன. இணையவழிப் படிப்பு பரவியபின் பெரும்பாலோர் வேலையிலிருந்தபடியே, இரவிலும் வார இறுதியிலும், மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டத்தை முடிக்கிறார்கள். 1891-இன் லாஸ் ஏஞ்சலஸ் வகுப்பில் இருந்ததைப் போலவே வேலையும் படிப்பும் ஒரே இடத்தில். இப்போது சம்பளம் உண்டு, கட்டணமும் உண்டு.

2025 மார்ச் 14 அன்று அதிபர் டிரம்ப், அருங்காட்சியகம், நூலகப் பணிகள் நிறுவனத்தைச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை ஒடுக்கும்படி ஆணையிட்டார். ஊழியர்கள் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்த நிதிக்கொடைகள் பல ரத்தாயின. மாநில அரசுகளும் நூலகச் சங்கமும் வழக்குத் தொடுத்தன.